புள்ளிக்குப் பின்னால்

பேட்டரிக் கடை ஷட்டர் இறங்கினால்
வியாழன் எட்டரை மணி.
பக்கப் படிக்கட்டில் செருப்புகள் ஏறிவரும்.
கிருஷ்ணகிரியில் நிற்காத பஸ்கள்
எங்கள் ஜன்னலை மட்டும் உலுக்கிவிட்டுப் போகும்.

கம்பெனி என்பது நானும் யோகானந்தும்,
தவணை முடியாத இரண்டு கணினியும்.
வியாழனன்று மட்டும் பாய் விரித்து
பதினோரு பேராகிவிடுவோம்.
பாடம் என்று எதுவும் கிடையாது.
தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்காரவேண்டும்,
போண்டா தின்ற கையால் விசைப்பலகையைத் தொடக்கூடாது.
சட்டம் அவ்வளவுதான்.

பிலோமினா பெரியாஸ்பத்திரி டியூட்டி முடித்து
ஸ்பிரிட் வாசனையோடு வருவாள்.
யாருக்கு எந்த இரவு ஷிப்ட் என்று
சண்டையில்லாமல் பிரிக்க அவளுக்கொரு நிரல் வேண்டும்.
கிரானைட் பாலீஷ் போடும் சவுடப்பன்
புருவத்துத் தூள் உதிராமல் குனிந்து
அடைப்புக்குறிகளை எண்ணுவான்:
'திறந்ததை எல்லாம் மூடணுமா?'
'மூடணும்.'
'வீட்ல இதத்தான் சொல்றாங்க.'

திம்மராஜிடம் கணினி இல்லை.
மாங்காய் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் வேலை.
ஓட்டமாக வரும் பில் சீட்டின் பின்பக்கம்
பென்சிலால் நிரல் எழுதிக் கொண்டுவருவான்.
நாங்கள் தட்டச்சு செய்து ஓட்டிப்பார்ப்போம்.
பிழை என்று வந்தால்
ஏதோ ஆளையே பார்த்துவிட்டவன் போலச் சிரிப்பான்.

அன்றைக்கு முழு எண், தசம எண்.
இருபது புள்ளி ஏழைக் கொடுத்தான்,
இருபது என்று வந்தது.
'மிச்சம் எங்கே போச்சு?'
'வெட்டிடும். முழு எண்ணுன்னா அப்படித்தான்.'
அவன் திரையைப் பார்த்தான்.
பிறகு, தயங்கித் தயங்கி,
'எங்க மண்டியிலயும் அப்படித்தாங்க வெட்டுது.'

மண்டி மென்பொருள் எங்களுடையது.
நாங்கள் விற்ற முதல் சரக்கு.
இந்த அறையின் அட்வான்ஸ்.

முதலாளி கேட்டு வெட்டியதில்லை.
தரகர் யாரும் காதில் ஓதவில்லை.
சீட்டில் அந்தக் கட்டம் சின்னது,
இரண்டு இலக்கத்துக்கு மேல் பிடிக்கவில்லை;
இரவு ஒன்றரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில்,
நான்தான்.

கிரேட்டுக்கு அரைக்கிலோ என்று வைத்தாலும்
வண்டிக்கு நூற்றிருபது கிரேட்,
அறுபது கிலோ.
பிலோமினா மருந்து அளக்கும் குரலில் பெருக்கினாள்.
இரண்டு சீசன்.
பலகையில் விழுந்த தொகையை
யோகானந்த் அழிக்கப்போனான்,
பாதியில் டஸ்டரைக் கீழே வைத்துவிட்டான்.

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
ஒரே ஒரு சொல்.
ஆனால் திருத்தம் நாளையிலிருந்துதான் ஓடும்,
நேற்றைக்குள் நுழையத் தெரியாது.
வெட்டிய பிறகே சேமித்திருக்கிறோம்;
புள்ளிக்குப் பின்னால் வந்தது
எந்த வட்டிலும் இல்லை.

'இருக்குதுங்க' என்றான் திம்மராஜ்.
'தராசு காட்டினத ஓரத்துல குறிச்சிருப்பேன்.
சும்மா, ஒரு பழக்கம்.'

மறுநாள் காலை
வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்று வந்தது,
சீட்டுச் சுருள்களோடு.
அச்சு வெளிறிப் பாதி காணவில்லை.
பென்சில் அப்படியே இருந்தது.
.7   .4   .9
பேர் பேராக, வண்டி வண்டியாக.

மண்டிக்கு நான் போனதும்
கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர்
என்னை உட்காரச் சொல்லாததும்
வேறு கதை; இன்னும் முடியவில்லை.

இப்போதெல்லாம் வியாழனில் வேறு வேலையில்லை.
சுருளை ஒருவர் பிரிக்க, ஒருவர் வாசிக்க,
ஒருவர் தட்டுகிறோம்.
முன்பக்கம் யாருக்கோ தரவேண்டியது.
திருப்பினால்
அவன் சொந்தமாகக் கற்ற மடக்கு வாக்கியங்கள்,
அடித்துத் திருத்தி அடித்து.

ஒரு சுருளை மட்டும் எடுத்து
மடியில் வைத்துக்கொண்டான்.
அவனுடைய நிரல் முதன்முதலாக ஓடியது அதில்தான்.
'கணக்கு முடிஞ்சதும் இது எனக்கு.'
சவுடப்பன் வாங்கித் திருப்பிப் பார்த்து
வாசிக்க ஆரம்பித்தான்:
காவேரிப்பட்டணம், மாதம்மாள்,
முதல் கிரேட், பத்தொன்பது புள்ளி